நெல்லைச் சமையல் புத்தகம் தேடலில் வர என்ன செய்யணும்? கீவேர்டு டூல் வாங்கலாமா?

அண்ணாச்சி, உங்கள் கேள்வி இது: ஆச்சியின் கைப்பக்குவத்தில் 60 சைவச் சமையல் குறிப்புகளைத் தொகுத்திருக்கிறீர்கள். ‘ஆச்சி வைத்த சொதி’ என்று தலைப்பு. பாளையங்கோட்டையில் 300 பிரதி அச்சடித்தாயிற்று, கிண்டிலிலும் ஏற்றியாயிற்று. அச்சுப் பிரதி சொந்தபந்தத்தோடு நின்றுவிட்டது, கிண்டிலிலோ தேடினால் புத்தகம் கண்ணில் படவில்லை. எந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்று காட்டுகிற கீவேர்டு டூல் ஒன்றைக் காசு கொடுத்து வாங்கலாமா?

வாங்க வேண்டாம். பப்ளிஷர் ராக்கெட் மாதிரி டூல்கள் ஆங்கிலத்தில் பத்து இருபது புத்தகம் போட்டு நடத்துகிறவர்களுக்குச் சரி. ஒரு சொல்லை மாதம் எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற கணக்கை அமேசான் வெளியே கொடுப்பதில்லை. இந்த டூல்கள் காட்டுவதெல்லாம் கணிப்பு. ஆங்கிலத்தில் தேடல் அதிகம் என்பதால் கணிப்பு ஓரளவு நிற்கும். ஒற்றைத் தமிழ்ப் புத்தகத்துக்கு அந்த எண் பெரும்பாலும் பூஜ்யமாகவே வரும், அதைப் பார்த்து மனசு விட்டுப்போவதுதான் மிச்சம். உங்களுக்கு வேண்டியது எண் இல்லை, சொல். உங்கள் புத்தகத்தை வாங்கக்கூடிய ஆள் தேடுபெட்டியில் என்ன எழுத்தை அடிக்கிறார் என்பது தெரிந்தால் போதும். அதற்கு இலவசமாகக் கிடைப்பதே ஏராளம்.

முதலில் தலைப்பைப் பார்ப்போம். ‘ஆச்சி’ என்றால் நமக்குப் பாட்டி. தேடுபெட்டிக்கு மசாலாப் பொட்டலம். அந்தப் பெயரில் பெரிய மசாலா நிறுவனம் இருக்கும்போது உங்கள் ஆச்சி பின்வரிசைக்குத்தான் போவார். ‘சொதி’யோ இலங்கைத் தமிழர் வீட்டிலும் உண்டு, அவர்கள் இடியாப்பத்துக்கு ஊற்றுகிற தேங்காய்ப்பால் சொதி. அதையே ஆங்கில எழுத்தில் ‘டி-ஹெச்’ (dh) போட்டு எழுதினால் பஞ்சாபிக்காரர்களின் குடும்பப்பெயர் வந்து நிற்கும். தலைப்பை மாற்றச் சொல்லவில்லை, நல்ல தலைப்புதான், மாற்றவும் கூடாது. தலைப்பு மனசுக்கு, துணைத்தலைப்பு தேடலுக்கு என்று வேலையைப் பிரித்துக்கொள்ளுங்கள். ‘திருநெல்வேலி சைவச் சமையல் குறிப்புகள் 60’ என்று துணைத்தலைப்பு வையுங்கள். கிண்டில் மின்னூலுக்கு இதைப் பிறகும் சேர்க்கலாம். அட்டையிலும் அதே சொற்கள் இருக்கட்டும். தலைப்புக்கும் அட்டைக்கும் பொருத்தம் இல்லாவிட்டால் கேடிபி (கிண்டிலில் புத்தகம் ஏற்றுகிற அமேசான் தளம்) திருப்பி அனுப்பும்.

ஊர்ப்பெயரில்தான் அதிகம் வழுக்கும். பேப்பரிலும் பேச்சிலும் ‘நெல்லை’ என்கிறோம். ஆனால் ‘நெல்லை’ என்பது நெல் என்ற சொல்லின் இரண்டாம் வேற்றுமையும்கூட. ‘நெல்லைச் சேமிப்பது’, ‘நெல்லைக் காயவைப்பது’ என்று தேடுகிற விவசாயியும் அதே சொல்லைத்தான் அடிக்கிறார். அதனால் தனிச்சொல்லாக ‘நெல்லை’ உதவாது, ‘நெல்லை சமையல்’, ‘நெல்லை ஸ்பெஷல்’ என்று ஜோடியாகவே எடுக்க வேண்டும். ‘திருநெல்வேலி’யிலும் ஒரு சிக்கல். யாழ்ப்பாணத்திலும் ஒரு திருநெல்வேலி உண்டு. ஒரு சொல்லின் தேடல் ஏறி இறங்குவதைக் காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் நாடு தேர்ந்தெடுக்காமல் விட்டால் அதுவும் கலந்து வரும். உங்கள் புத்தகத்தில் சொதியும் இருப்பதால் இந்தக் கலப்பு இரட்டிப்பாகும். தாமிரபரணியின் பழைய பெயரான ‘பொருநை’ புத்தகத் திருவிழாப் பதாகைக்கு அழகு, சமையல் தேடுகிறவர் அதை அடிக்கமாட்டார்.

மாவட்டக் கணக்கும் பாருங்கள். 1986-இல் தூத்துக்குடி பிரிந்தது, 2019-இல் தென்காசி பிரிந்தது. உங்கள் வாசகர் மனசில் ஸ்ரீவைகுண்டமும் சங்கரன்கோவிலும் குற்றாலமும் இன்னும் ‘திருநெல்வேலிப் பக்கம்’தான். கூகுளின் வரைபடத்துக்கு அவை வேறு மாவட்டங்கள். தேடல் எண்ணிக்கை காட்டும் கூகுளின் கீவேர்டு பிளானரில் (அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்) இடத்தைத் ‘திருநெல்வேலி’ என்று மட்டும் சுருக்கினால் இவ்வளவு பேரும் வெளியே போய்விடுவார்கள். உண்மையில் மாவட்டத்துக்குள் சுருக்கவே வேண்டாம். சொதி வைக்கத் தெரிந்த வீட்டில் சொதிப் புத்தகம் யார் வாங்குவார்? சென்னைக்கும் பெங்களூருக்கும் போன பிள்ளைகள், மும்பையில் தாராவி, மாதுங்கா பக்கம் இரண்டு மூன்று தலைமுறையாக இருப்பவர்கள், கடையநல்லூர், தென்காசிக்காரர்கள் பல தலைமுறைக்கு முன்பே குடியேறிய சிங்கப்பூர், வளைகுடா. வாங்குகிறவர் அங்கேதான் இருக்கிறார், அதனால் தேடுவதும் அங்கிருந்துதான்.

இனி வேலைக்கு வருவோம். முதல் நிறுத்தம் அமேசான் தேடுபெட்டி. கணினியில் பிரைவேட் விண்டோ ஒன்றைத் திறந்து அமேசான் டாட் இன் போங்கள். நம் பழைய தேடல்கள் முடிவைச் சாய்க்காமல் இருக்கத்தான் இது. பெட்டிக்கு இடதுபக்கம் ‘கிண்டில் ஸ்டோர்’ தேர்ந்தெடுங்கள். இதை மறந்தால் குக்கரும் இட்லித்தட்டும் வரும். ‘சமையல்’ என்று அடித்து ஒரு இடைவெளி விட்டு நிறுத்துங்கள். கீழே விழுகிற சொற்களை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு இடைவெளிக்குப் பின் அ, ஆ, இ என்று ஒவ்வொரு எழுத்தாகப் போட்டுப் பாருங்கள். உயிரெழுத்து முடிந்ததும் க, ச, த, ந, ப, ம, ர, வ போதும், மற்றவற்றில் சொல் தொடங்குவது அரிது. இதையே ‘திருநெல்வேலி’, ‘சைவ’, ‘பாரம்பரிய’, ‘கிராமத்து’ என்ற சொற்களுக்கும் செய்யுங்கள். அப்புறம் எல்லாவற்றையும் ஆங்கில எழுத்தில் இன்னொரு முறை. தமிழ்ப் புத்தகம் தேடுகிறவர்களில் நிறையப் பேர் தமிழில் அடிப்பதில்லை, தமிழை ஆங்கில எழுத்தில்தான் அடிக்கிறார்கள். இந்தச் சோலிக்கு இரண்டு மணி நேரம் ஆகும், ஆகட்டும்.

போனில் செய்பவர்கள் ஒன்றில் ஏமாறுவார்கள். எழுத்துப்பலகைக்கு மேலே ஒரு வரியில் வரும் சொற்கள் ஜிபோர்டு போன்ற அந்தப் பலகைச் செயலி ஊகிப்பவை, அவை உங்கள் பழக்கத்தைக் காட்டும். தேடுபெட்டிக்குக் கீழே தொங்கும் சொற்கள்தான் மற்றவர்கள் தேடுவது. இரண்டையும் கலந்து எழுதிவிடாதீர்கள்.

அடுத்தது யூடியூப். சமையலுக்கு இதைவிட நல்ல சுரங்கம் இல்லை. ‘சொதி’ என்று அடித்தால் பின்னால் என்னென்ன ஒட்டிக்கொண்டு வருகிறது என்று பாருங்கள். ‘திருநெல்வேலி சொதி’, ‘மாப்பிள்ளை சொதி’, ‘சொதி குழம்பு’ என்று பல வகையாகத் தேடலாம். கல்யாணத்துக்கு மறுநாள் மறுவீட்டுச் சாப்பாட்டில் வைப்பதால் மாப்பிள்ளை சொதி என்ற பெயர். அந்தப் பெயரால் தேடுகிறவர் இலங்கைச் சொதியைத் தேடவில்லை என்பது நிச்சயம். இப்படிக் குழப்பம் இல்லாத ஒரு ஜோடி, ஆயிரம் பேர் தேடும் பொதுச்சொல்லைவிட உங்களுக்கு மேல்.

ஆனால் யூடியூப்பில் கிடைத்ததை எல்லாம் கிண்டிலுக்குக் கொண்டுபோகாதீர்கள். ‘செய்வது எப்படி’ என்று முடிகிற தேடல், அடுப்பைப் பற்றவைத்துவிட்டு நிற்கிறவருடையது. அவருக்கு ஐந்து நிமிட வீடியோ போதும், புத்தகம் வாங்கமாட்டார். ‘சமையல் புத்தகம்’, ‘பாரம்பரிய சமையல் தொகுப்பு’, ‘கல்யாணச் சமையல் குறிப்புகள்’ என்று அடிப்பவர் வாங்குகிற மனசோடு வருகிறார். ‘பிடிஎப்’, ‘இலவசம்’ என்று சேர்ந்து வருவதை அடியோடு விட்டுவிடுங்கள். ‘நூல்’ என்ற சொல்லும் வேண்டாம், தையல் நூலும் பஞ்சு நூலும் கூட வரும். பேச்சில் யாரும் ‘சமையல் நூல்’ என்பதுமில்லை.

எண் பார்த்தே தீரவேண்டும் என்றால் கூகுள் கீவேர்டு பிளானர் இருக்கிறது. கூகுள் ஆட்ஸ் கணக்கு தொடங்கும்போது விளம்பரம் போடச் சொல்லித் தள்ளிக்கொண்டே போகும். விளம்பரம் இல்லாமல் கணக்கு மட்டும் உருவாக்கும் வழி அதே பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கும், அதைப் பிடியுங்கள். உள்ளே ‘புதிய கீவேர்டுகளைக் கண்டறி’ என்ற பகுதியில் ஒரு நேரத்தில் 10 சொற்கள் வரை போடலாம். மொழி என்ற இடத்தில் தமிழ் மட்டும் வைத்தால், ஆங்கில எழுத்தில் தமிழைத் தேடுகிறவர்கள் விடுபட்டுப் போகலாம். எல்லா மொழிகளும் என்று வையுங்கள். இடத்தில் தமிழ்நாடு ஒருமுறை, சிங்கப்பூர் ஒருமுறை, ஐக்கிய அரபு அமீரகம் ஒருமுறை என்று தனித்தனியே ஓட்டுங்கள். விளம்பரத்துக்குச் செலவு செய்யாத கணக்குக்கு 100 முதல் 1,000 வரை, 1,000 முதல் 10,000 வரை என்று அகலமான அளவுதான் காட்டும். அது போதும். ‘கூட்டாஞ்சோறு’ எந்தப் படியில், ‘உளுந்தங்கஞ்சி’ எந்தப் படியில் என்று ஒப்பிடத்தானே பார்க்கிறோம்.

அங்கே ‘போட்டி’ என்று ஒரு பத்தி இருக்கும். அதைப் பார்த்து ‘போட்டி குறைவு, நம் புத்தகம் மேலே வந்துவிடும்’ என்று நினைப்பவர்கள் அதிகம். அது அந்தச் சொல்லுக்கு விளம்பரம் கொடுப்பவர்களுக்கிடையே உள்ள போட்டி. உங்கள் புத்தகத்துக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இன்னொன்று, இது கூகுளில் தேடும் கணக்கு, அமேசானில் தேடும் கணக்கு அல்ல. சொற்களின் வரிசையைப் புரிந்துகொள்ள மட்டும் பயன்படுத்துங்கள். கீவேர்டு டூல் டாட் ஐஓ போன்ற தளங்கள் தேடுபெட்டியில் விழும் சொற்களைத் திரட்டித் தருபவை. இலவசத்தில் சொற்களைக் காட்டும், எண்களை மறைக்கும். நமக்குச் சொற்கள்தானே வேண்டும்.

டிரெண்ட்ஸில் காட்டும் 0 முதல் 100 வரையிலான எண் ஆட்களின் எண்ணிக்கை அல்ல, அந்தக் காலத்தின் உச்சத்தை 100 என்று வைத்துப் பார்க்கும் ஒப்பீடு. சமையலுக்கு அது அவ்வளவாகத் தேவைப்படாது. குற்றாலம், நவதிருப்பதி, சொரிமுத்து அய்யனார் பற்றிப் புத்தகம் எழுதியவருக்கு ரொம்ப உதவும். குற்றாலத்துக்குச் சாரல் காலமான ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கும் காரையாருக்கு ஆடி அமாவாசை. தேடல் ஏறத் தொடங்கும் முன்பே விவரங்களைச் சரிசெய்து வைக்க வேண்டும்.

இப்போது சொல் எழுதும் விதம். தமிழில் ஒரே உணவுக்கு நாலு எழுத்துக்கூட்டல். வத்தக்குழம்பு, வத்தல் குழம்பு, வற்றல் குழம்பு. அல்வா, ஹல்வா. கூட்டாஞ்சோறு, கூட்டான்சோறு. ஒற்று வேறு. ‘நெல்லைச் சமையல்’ என்று ‘ச்’ போடுவது சரி, ஆனால் தேடுகிறவர் பெரும்பாலும் ஒற்றுப் போடுவதில்லை. ஒற்று மிகுந்த சொல்லும் மிகாத சொல்லும் கணினிக்கு இரண்டு வேறு எழுத்துக்கோவைகள். தமிழாசிரியர் கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை. அட்டையிலும் உள்ளேயும் இலக்கணப்படி எழுதுங்கள், வாசகர் கண்ணுக்குத் தெரியாத கீவேர்டுப் பெட்டிக்குள் ஒற்றில்லாமல், பேச்சு எழுத்துக்கூட்டலோடு போடுங்கள்.

கேடிபியில் அந்தப் பெட்டிகள் 7. ஒவ்வொன்றிலும் 50 எழுத்து. இந்த 50-இல்தான் தமிழ் எழுத்தாளர்கள் முழிப்பார்கள். கணினி நம் கண்ணுக்குத் தெரிகிற எழுத்தை எண்ணாது, மெய்யின் புள்ளியையும் உயிர்மெய்யின் குறியையும் தனித்தனியே எண்ணும். ‘திருநெல்வேலி’ நமக்கு 6 எழுத்து, அதற்கு 12. ஒரு பெட்டியை நிரப்பிப் பார்ப்போம்: ‘சொதி குழம்பு இடிசாம்பார் கூட்டாஞ்சோறு உளுந்தங்கஞ்சி’. விரல்விட்டு எண்ணினால் இடைவெளியோடு 30. கணினிக் கணக்கில் 51. ஒன்று மிஞ்சுகிறது, கடைசி ‘சி’யில் இகரக் குறி விழாது, ‘உளுந்தங்கஞ்ச’ என்று குறைப்பிரசவமாக நிற்கும். அதைக் கவனிக்காமல் சேமித்துவிட்டால் அந்தச் சொல் வீண். ‘குழம்பு’ என்பதை எடுத்துவிடுங்கள், 43-இல் அடங்கும்.

ஏழையும் இப்படிப் பிரிக்கலாம். ஒன்றில் மேலே சொன்ன உணவுப்பெயர்கள். ஒன்றில் ‘மாப்பிள்ளை சொதி மறுவீட்டு விருந்து’. ஒன்றில் ‘நெல்லை சமையல் புத்தகம்’. துணைத்தலைப்பில் ‘திருநெல்வேலி’ ஏற்கெனவே இருப்பதால் அதே சொல்லைப் பெட்டியில் திரும்பப் போட்டு இடத்தை வீணாக்க வேண்டாம், வேறு வடிவங்களுக்கு விடுங்கள். ஒன்றில் ‘பாரம்பரிய கிராமத்து சமையல்’. மிச்சம் மூன்றையும் ஆங்கில எழுத்துக்கு ஒதுக்குங்கள்: ஊர்ப்பெயரோடு சமையல் என்பதை ரயில்வே பலகையில் உள்ள எழுத்துக்கூட்டலில் (Tirunelveli) ஒன்று, ‘டி’க்குப் பின் ‘ஹெச்’ சேர்த்து (Thirunelveli) எழுதுகிறவர்களுக்காக ஒன்று, ‘தென்னிந்தியச் சைவ உணவு’ என்ற பொருளில் ஆங்கிலச் சொற்களாகவே ஒன்று. ஆங்கில எழுத்தில் 50 தாராளமான இடம். பெட்டிக்குள் காற்புள்ளி, மேற்கோள்குறி தேவையில்லை, இடைவெளி போதும்.

‘சிறந்த’, ‘புதிய’, ‘இலவச’, ‘நம்பர் ஒன்’ போன்ற சொற்களைக் கேடிபி விரும்பாது. மற்ற எழுத்தாளர் பெயரும் மற்ற புத்தகத்தின் பெயரும் கூடாது. அல்வா பற்றி ஒரு அத்தியாயம் இருக்கிறது என்பதற்காக ரதவீதியில் உள்ள புகழ்பெற்ற கடையின் பெயரைப் பெட்டியில் போடுவதும் அதே தப்புத்தான், அது இன்னொருவர் வியாபாரப் பெயர். ‘கோதுமை அல்வா’ என்று போட்டாலே ஆள் வந்து சேர்வார்.

கண்ணுக்குத் தெரியாத ஒரு பழுதையும் பார்த்துவிடுங்கள். அச்சுக்காக டிடிபி செய்தவர் பாமினி மாதிரிப் பழைய எழுத்துருவில் அடித்திருந்தால், அந்தப் பேஜ்மேக்கர் கோப்பிலிருந்து தலைப்பையோ விவரத்தையோ வெட்டி ஒட்டும்போது ஆங்கில எழுத்தும் குறிகளும் கலந்த குப்பை வரும். யூனிகோடுக்கு மாற்றித்தான் ஒட்ட வேண்டும், என்எச்எம் கன்வெர்ட்டர் போதும். மாற்றிய பிறகும் ஒவ்வொரு சொல்லையும் கண்ணால் பாருங்கள். பழைய கோப்புகளில் துணைக்காலுக்குப் பதில் ‘ர’ அடித்துவைக்கிற பழக்கம் உண்டு. ‘சாம்பார்’ என்று கண்ணுக்குத் தெரியும், கணினிக்கு அது ‘சரம்பரர்’. அச்சில் யாரும் கண்டுபிடிக்கமாட்டார்கள், தேடலில் மட்டும் புத்தகம் ஒருநாளும் வராது. சோதிக்க எளிய வழி: ஒட்டிய விவரத்தில் கண்ட்ரோல்-எஃப் போட்டு, நீங்களே புதிதாக ‘சாம்பார்’ என்று அடித்துத் தேடுங்கள். அகப்படாவிட்டால் திருத்த வேண்டியதுதான்.

விவரக்குறிப்புக்கு 4,000 எழுத்து இடம் உண்டு. முதல் இரண்டு மூன்று வரிதான் திறந்தவுடன் தெரியும். அங்கே ஆச்சியின் பெருமையை எழுதாமல், என்னென்ன உணவு, எத்தனை குறிப்பு, அளவுகள் கிராமிலா ஆழாக்கிலா என்று எழுதுங்கள். வெளியூரில் இருப்பவருக்கு ஆழாக்கு தெரியாது, கிராமும் இருக்கிறது என்றால் அதைச் சொல்லிவிடுங்கள். 60 உணவுப்பெயரையும் இங்கே இயல்பான வாக்கியங்களில் சேர்க்கலாம், பெட்டியில் அடங்காதவற்றுக்கு இதுதான் இடம். வகைப்பிரிவு மூன்று வரை தேர்ந்தெடுக்கலாம். மூன்றுமே சமையலுக்குள் இருக்கட்டும், ஒன்று இந்திய உணவு, ஒன்று சைவ உணவு.

அச்சுப் பிரதிக்குக் கீவேர்டுப் பெட்டி கிடையாது, ஆனால் இதே சொற்கள் வேறு இடத்தில் உழைக்கும். மாப்பிள்ளை சொதிக்கு ஒரு நாலு நிமிட வீடியோ எடுத்து, யூடியூப்பில் கண்ட அதே ஜோடிச் சொல்லைத் தலைப்பின் தொடக்கத்தில் வையுங்கள். விவரத்தின் முதல் வரியிலேயே புத்தக விலையும் வாட்ஸ்அப் எண்ணும். ‘செய்வது எப்படி’ என்று தேடுகிறவர் கிண்டிலில் வாங்கமாட்டார் என்றேனே, அவரை இங்கே பிடிக்கலாம். பாளையங்கோட்டைப் புத்தகத் திருவிழாவில் யாராவது தங்கள் அரங்கில் உங்கள் பிரதியை வைக்க இடம் கொடுத்தால், பக்கத்தில் ஒரு நோட்டும் வையுங்கள். வருகிறவர் ‘இதுல புளிமிளகாய் இருக்கா?’, ‘புள்ளைத்தாய்ச்சிக்குக் கொடுக்கற மருந்து உருண்டை இருக்கா?’ என்று கேட்பதை அவர் சொன்ன சொல்லிலேயே எழுதிவையுங்கள். எந்த டூலும் அதைத் தராது.

கடைசியாகச் சரிபார்ப்பது. எந்தச் சொல்லைத் தேடி வந்து வாங்கினார்கள் என்று கேடிபி அறிக்கை சொல்லாது, விற்ற எண்ணிக்கையும் படித்த பக்கங்களும்தான் காட்டும். கையால்தான் பார்க்க வேண்டும். மாற்றம் செய்தபின் மூன்று நாள் விடுங்கள், பக்கம் புதுப்பிக்க 72 மணி நேரம் வரை ஆகலாம். பிறகு பிரைவேட் விண்டோவில் உங்கள் ஜோடிச் சொற்களை ஒவ்வொன்றாகத் தேடி, எத்தனையாவது இடத்தில் புத்தகம் வருகிறது என்று தேதியோடு ஒரு ஷீட்டில் குறியுங்கள். வாராவாரம் ஒருமுறை போதும். உங்கள் புத்தகத்தை நீங்களே திரும்பத் திரும்பத் தேடிச் சொடுக்க வேண்டாம், வாங்காமல் சொடுக்குவதால் லாபமில்லை. ஒரே நாளில் ஏழு பெட்டியையும் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போகும். இரண்டு பெட்டியை மட்டும் மாற்றி நாலு வாரம் பார்த்துவிட்டு அடுத்த இரண்டுக்குப் போங்கள். முதலில் மாற்ற வேண்டியது ‘உளுந்தங்கஞ்ச’ என்று நிற்கிற மாதிரிப் பெட்டி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்து, அதை.